இலங்கை - சீன இறப்பர் அரிசி ஒப்பந்தம்

இறப்பர் அரிசி ஒப்பந்தம் என்பது 1952 டிசம்பர் 18 ஆம் திகதி பீஜிங் நகரில் இலங்கைக்கும் சீன மக்கள் குடியரசுக்கும் இடையே கைச்சாத்தான ஐந்தாண்டு வர்த்தக ஒப்பந்தமாகும். இதன்படி ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசியை இலங்கைக்கு விற்கச் சீனாவும், 50,000 தொன் தாள் இறப்பரைச் சீனாவுக்கு விற்க இலங்கையும் இணங்கின. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை முப்பது ஆண்டுகள் இது நீடித்தது. இது கைச்சாத்தானபோது இவ்விரு நாடுகளுக்குமிடையே முறையான தூதரக உறவுகூட ஏற்பட்டிருக்கவில்லை. இலங்கையை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த கட்சி. அப்படிப்பட்ட அரசு கம்யூனிசச் சீனாவின் வாசலுக்குச் சென்றது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடினால், இரண்டாம் உலகப் போரின் பின் உருவான உலக வர்த்தக ஒழுங்கில் சிறிய நாடுகளின் நிலை என்னவென்பது தெளிவாகும்.

இறப்பரை விற்று அரிசி வாங்கிய நாடு

இறப்பர் இலங்கையின் சொந்த மரமன்று. 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்த விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வாகனங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்ச் செய்கை வேகமாகப் பரவியது. பெருந்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர்களின் வழிவந்தோருமே. கிராமங்களில் சில ஏக்கர் மட்டும் வைத்திருந்த சிங்களச் சிறு உடைமையாளரும் ஏராளமாக இருந்தனர். ஆகவே இறப்பர் விலை ஏறி இறங்குவது கொழும்புக் கம்பனிகளின் கணக்கேட்டோடு முடிந்துவிடும் விடயமன்று. கிராமத்தின் அடுப்பையும் தோட்டத்து லயத்தின் அடுப்பையும் அது சேர்த்தே தொட்டது.

1942 இல் மலாயா யப்பானியர் வசம் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான மூலம் இலங்கையாயிற்று. போர்த் தேவைக்காக மரத்தின் ஆயுளைப் பாராமல் பால் வெட்டப்பட்டது. போர் முடிந்தபோது முதிர்ந்த, காயப்பட்ட மரங்களே மிஞ்சின. அவற்றை அகற்றிப் புதுக்கன்று நடப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணமும் இறப்பர் விலையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

மறுபுறம், உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. பர்மா, தாய்லாந்து, இந்தோசீனா ஆகியனவே வழமையான மூலங்கள். தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்று அரிசி, மா, சீனி, துணி வாங்குவதே குடியேற்றக் காலப் பொருளாதாரத்தின் அமைப்பு. அந்த மூன்றின் விலை உயர்ந்து அரிசி விலை தாழ்ந்திருந்தால் நாடு செழிக்கும். இரண்டும் எதிர்த்திசையில் திரும்பினால் திண்டாடும். 1952 இல் இரண்டும் எதிர்த்திசையில் திரும்பின.

வராமற்போன நிறுவனம்

மூலப்பொருள் விலை இவ்வாறு கூத்தாடுவதை உலகம் அறியாமலில்லை. 1922 இல் மலாயாவிலும் இலங்கையிலும் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேராததால் 1928 இல் கைவிடப்பட்டது. 1934 இல் அத்தீவுகளும் சேர்ந்த பன்னாட்டு இறப்பர் ஒழுங்குபடுத்தல் உடன்படிக்கை வந்தது. உலகப் போர் அதன் பயனைக் குலைத்தது.

போருக்குப் பின் ஹவானா நகரில் கூடிய மாநாடு 1948 மார்ச்சில் பன்னாட்டு வர்த்தக நிறுவனம் ஒன்றுக்கான சாசனத்தை நிறைவேற்றியது. மூலப்பொருள் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி விலையை ஓரளவு நிலைப்படுத்தும் உடன்படிக்கைகளுக்கென்றே அச்சாசனத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை ஏற்கும் அறிகுறி தென்படாததால் 1950 டிசம்பரில் ட்ரூமன் நிர்வாகம் முயற்சியைக் கைவிட்டது. எஞ்சியது, 1947 இல் ஜெனீவாவில் 23 நாடுகள் ஏற்படுத்திய தீர்வை, வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கை மட்டுமே. 'காட்' என்று சுருக்கமாக அறியப்படும் இதன் தொடக்க உறுப்பினருள் இலங்கையும் ஒன்று, சீனாவும் ஒன்று. சீனாவின் பெயரால் கைச்சாத்திட்டது கோமிந்தாங் அரசு. அது தாய்வானுக்குப் பெயர்ந்த பின், 1950 இல் சீனா விலகுவதாக அங்கிருந்தே அறிவிக்கப்பட்டது. மீண்டும் சீனா இந்த அமைப்புக்குள் நுழைய 2001 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

'காட்' தீர்வைகளைக் குறைப்பதற்கான ஏற்பாடு. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்கவேண்டும் என்பது அதன் முதல் விதி. இறப்பரின் விலை ஓராண்டில் பாதியாகச் சரிந்தால் விற்பவன் என்ன செய்வது என்பதற்கு அதில் மறுமொழி இல்லை. அதேவேளை, போர்க்காலத்திலோ பன்னாட்டு நெருக்கடியிலோ ஒரு நாடு தன் பாதுகாப்பைக் காரணங்காட்டி வர்த்தகத்தைத் தடுக்கலாம் என்பதற்கு 21 ஆம் உறுப்புரை இடமளித்தது. வலியவர்களுக்கு வேண்டிய கதவு திறந்தே இருந்தது எனலாம்.

கொரியப் போரும் தடையும்

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை விண்ணைத் தொட்டது. இலங்கைக்கு எதிர்பாராத வருவாய் கிடைத்தது. அமெரிக்கா விரைவில் தன் நாட்டு இறப்பர் இறக்குமதி முழுவதையும் அரசின் ஒரே கையில் எடுத்ததுடன், செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகளையும் மீண்டும் முடுக்கிவிட்டது. 1951 இன் தொடக்கத்தில் உச்சத்திலிருந்த விலை 1952 இல் பாதிக்கும் கீழே போயிற்று. அதே காலத்தில் ஆசிய நாடுகளில் அரிசித் தட்டுப்பாடு. உள்நாட்டுப் போரில் சிக்கிய பர்மாவால் முன்போல ஏற்றுமதி செய்ய இயலவில்லை. விலை உயர்ந்ததோடு, பணம் கொடுத்தாலும் போதிய அரிசி கிடைப்பது அரிதாயிற்று.

கொரியப் போரில் சீனா இறங்கியபின், 1951 மே 18 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை சீனாவுக்குப் போர்த் தளவாடங்களையும் போருக்குதவும் பொருள்களையும் அனுப்பவேண்டாமென உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவின் இறப்பர் சீனாவுக்குச் செல்வது நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட 'பாட்டில் சட்டம்', இத்தகைய பொருள்களை அனுப்பும் நாடுகளுக்கு அமெரிக்க உதவி இல்லை என்றது. சட்டத்தை முன்மொழிந்த காங்கிரஸ் உறுப்பினர் லோரி பாட்டிலின் பெயரே அதற்கு வழங்கிவருகிறது.

இங்கே வரலாற்றின் வேடிக்கையொன்றைக் காணலாம். 1948 இல் ஐ.நா. உறுப்புரிமை கேட்ட இலங்கையின் விண்ணப்பத்தைத் தடுத்தது சோவியத் ஒன்றியத்தின் வீட்டோ. 1955 டிசம்பரில்தான் இலங்கை உறுப்பு நாடானது. ஆகவே 1951 இன் தீர்மானம் விடுத்த வேண்டுகோள் இலங்கையை நோக்கியதன்று. சோவியத்தின் தடையே சீனாவுடன் வர்த்தகம் செய்ய இலங்கைக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது.

வாஷிங்டனும் பீஜிங்கும்

1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க காலமானதும் அவர் மகன் டட்லி சேனநாயக்க பிரதமரானார். மே மாதப் பொதுத் தேர்தலிலும் வென்றார். ஒரு கொத்து பங்கீட்டு அரிசி 25 சதத்துக்குக் கிடைக்கும் என்பது அன்றைய அரசியலின் அச்சாணியாக இருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் வாக்குரிமை இழந்திருந்த தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோருக்கு அத்தேர்தலில் இடமில்லை. இறப்பரைப் பால் வெட்டித் தந்தவர்கள் இறப்பரைப் பற்றிய முடிவில் ஒரு சொல்லும் சொல்ல இயலாத நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள்.

அரசு முதலில் நாடியது அமெரிக்காவையே. உணவு, விவசாயம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சர் சேர் ஒலிவர் குணதிலக்க 1952 நடுப்பகுதியில் வாஷிங்டனில் பேச்சு நடத்தினார். இலங்கை வேண்டியது இரண்டு: நியாயமான விலையில் நீண்டகால இறப்பர்க் கொள்வனவு, கட்டுப்படியாகும் விலையில் அரிசி. சந்தை விலைக்கு மேல் இறப்பருக்குக் கொடுக்க அமெரிக்கா தயாராக இல்லை. பேச்சு பயன் தரவில்லை.

அதன் பின்னரே வர்த்தக, வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையிலான குழு சீனாவுக்குப் புறப்பட்டது. இவர் பிரதமரின் பெரியப்பா மகன். ஒக்டோபர் தொடக்கத்தில் 80,000 தொன் அரிசிக்கான உடன்பாடு ஏற்பட்டது. டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிவாயிற்று.

இதனைப் பண்டமாற்று என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். உண்மையில் இறப்பருக்கும் அரிசிக்கும் தனித்தனியே விலை பேசப்பட்டது. இரு நாட்டு மத்திய வங்கிகளிலும் வைத்த கணக்குகள் வழியாகக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. சீனா இறப்பருக்குக் கொடுக்க இணங்கிய விலை சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிட உயர்ந்தது என்பதே இலங்கைக்குக் கிடைத்த பெரிய இலாபம். சீனா அதைக் கொடையாகச் செய்யவில்லை. இறப்பர் வாங்க அதற்கு வேறு கடை இருக்கவில்லை.

அளவுகளை ஒப்பிட்டால் ஒப்பந்தத்தின் கனம் புரியும். அக்கால இலங்கையின் ஆண்டு இறப்பர் உற்பத்தி ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன். அதில் அரைவாசி ஒரே நாட்டுக்குச் சென்றது. 1953 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 81 இலட்சம். 270,000 தொன்னைப் பகிர்ந்தால் குழந்தை முதல் முதியோர் வரை தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 33 கிலோ அரிசி.

அமெரிக்காவின் எதிர்வினை எதிர்பார்த்ததே. பாட்டில் சட்டத்தின் கீழ் இலங்கைக்கு உதவி மறுக்கப்பட்டது. 1956 இல்தான் அந்நிலை மாறியது.

ஹர்த்தால்

சீன அரிசி வரத் தொடங்கிய 1953 ஆம் ஆண்டிலேயே அரிசியின் பெயரால் அரசு ஆட்டங்கண்டது. மானியச் சுமையைக் குறைக்க விரும்பிய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு நிலைகுலைந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வெளியே நல்ல விலைக்கு அரிசி வாங்கிவருவது வேறு, அதை எந்த விலைக்கு மக்கள் கையில் கொடுப்பது என்பது வேறு. முதலாவதில் வென்ற அரசு இரண்டாவதில் தோற்றது. ஒப்பந்தத்தைப் புகழும் கட்டுரைகளில் ஹர்த்தால் பேசப்படுவதில்லை. ஹர்த்தாலைப் பற்றிய கட்டுரைகளில் ஒப்பந்தம் பேசப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

புதுப்பித்தலும் முடிவும்

1956 இல் மலாயா இறப்பர் மீதான தடையைப் பிரித்தானியா தளர்த்தியதும் சீனாவுக்கு வேறு கடைகள் திறந்தன. 1957 பெப்ரவரியில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசு சீனாவுடன் தூதரக உறவை ஏற்படுத்தியது. அவ்வாண்டே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் சந்தை விலைக்கு மேலான கூடுதல் தொகை இம்முறை இல்லை. அதற்கு ஈடாக, இறப்பர் மீள்நடுகைக்கு உதவும் பொருட்டு ஐந்தாண்டுகளில் 75 மில்லியன் ரூபா நன்கொடை தரச் சீனா உடன்பட்டது. போர்க்காலத்தில் சிதைந்த தோட்டங்கள் புதுக்கன்று கண்டதில் இந்தப் பணத்துக்குப் பங்குண்டு.

ஆர். ஜி. சேனநாயக்க 1956 தேர்தலில் தம்பதெனியவிலும் களனியிலும் ஒரேநேரத்தில் போட்டியிட்டு, களனியில் ஜே. ஆர். ஜயவர்தனவைத் தோற்கடித்தார். வெளிநாட்டு வர்த்தகத்தில் துணிவுடன் நடந்த இவர் உள்நாட்டில் இந்திய வம்சாவளித் தமிழருக்கு எதிரான கடும்போக்குடையவராகவே இருந்தார். 1968 இல் சிங்கள மகாஜன கட்சி என்ற இனவாதக் கட்சியைத் தொடக்கினார். தோட்டங்களின் இறப்பருக்கு நல்ல விலை தேடித் தந்தவரே தோட்ட மக்களின் உரிமைக்கு இடம் தர மறுத்தார்.

காலப்போக்கில் சீனா ஹைனான் தீவில் சொந்த இறப்பர்த் தோட்டங்களை வளர்த்தது. இலங்கையில் நெல் உற்பத்தி பெருகியது. 1977 இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறிய பின் கணக்கு வழி வர்த்தகம் பழைய ஏற்பாடாகத் தோன்றியது. 1982 உடன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்தது.

ஹவானாவில் எழுதப்பட்டுக் கைவிடப்பட்ட மூலப்பொருள் உடன்படிக்கை என்ற எண்ணம் 1964 இல் தோன்றிய ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டில் மீண்டும் தலைதூக்கியது. 1974 முதல் 1984 வரை அதன் செயலாளர் நாயகமாக இருந்த கமனி கொரயா ஓர் இலங்கையர். அவர் முன்னெடுத்த மூலப்பொருள் திட்டத்தின் கீழ் முதலில் உருவானது 1979 ஆம் ஆண்டின் பன்னாட்டு இயற்கை இறப்பர் உடன்படிக்கை. விலை தாழும்போது வாங்கிச் சேர்த்து, உயரும்போது விற்பதற்கென ஒரு தாங்கிருப்பு அதன்வழி ஏற்படுத்தப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடியில் விலைகள் சரிந்தபின் முக்கிய உற்பத்தி நாடுகள் ஒவ்வொன்றாக விலகவே, 1999 இல் அவ்வுடன்படிக்கையும் முடிவுக்கு வந்தது.