10 நாள் இமயமலை டிரெக்: தலைக்குக் குளிக்காமல் முடியைப் பராமரிப்பது எப்படி?

ஷூ வாங்கியாச்சு. ஜாக்கெட் வாடகைக்கு எடுத்தாச்சு. ஆபீஸில் லீவும் சொல்லியாச்சு. பையைக் கட்டும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "பத்து நாள் தலைக்குக் குளிக்காம எப்படிங்க இருக்கறது?"

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் மலையில் முடி அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருப்பதில்லை. ஈரத் தலை உடல் சூட்டைக் குறைக்கும். இறுக்கிக் கட்டிய கொண்டை தலைவலி கொடுக்கும். அந்தத் தலைவலி, உயரத்தால் வரும் நோயின் முதல் அறிகுறியோடு குழம்பிப் போகும். சிக்கு விழுந்த முடியை ஊருக்குத் திரும்பியதும் வெட்டி எறிய வேண்டிய நிலையும் வரலாம்.

இதைப் புரிந்துகொள்ள சிக்கிமில் உள்ள கோச்சா லா பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் போகும் பாதை இது. 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா. யுக்சோம் என்ற சிற்றூரில் தொடங்கி ஏறி இறங்க ஏறக்குறைய 90 கி.மீ. பெரும்பாலான குழுக்கள் 8 முதல் 11 நாள் எடுத்துக்கொள்கின்றன. யுக்சோமை விட்டால் ஒழுங்கான குளியலறை, திரும்பி யுக்சோம் வந்த பிறகுதான்.

ஒரே வரியில் சொன்னால்?

மலையில் தலைமுடிக்கு இரண்டே விதிகள்: உலர்வாக வையுங்கள், கட்டி வையுங்கள். சுத்தம் மூன்றாவதுதான். எண்ணெய்ப் பிசுக்கு யாரையும் ஒன்றும் செய்யாது. ஈரமும் உரசலும்தான் முடியையும் உங்களையும் பாடாய்ப் படுத்தும்.

ஏன் தலைக்குக் குளிக்கக் கூடாது?

யுக்சோம் சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கஞ்சன்ஜங்கா சிகரத்தைப் பக்கத்தில் பார்க்கும் காட்சிமுனை சுமார் 4,600 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்குப் போட்டால், யுக்சோமைவிட மேலே ஏறக்குறைய 18 டிகிரி குளிர் அதிகம். அக்டோபர், நவம்பரில் மேல் முகாம்களில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

"உடல் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகுது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மையல்ல. உடல் பரப்பில் தலையின் பங்கு 10 சதவீதம்தான். வெப்ப இழப்பிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் தலை ஈரமாக இருந்தால் கதை மாறுகிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு ஈரம் ஆவியாகும்போதும் உடல் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். இடுப்பு வரை நீண்ட அடர்த்தியான முடி, மேகம் சூழ்ந்த முகாமில் மாலைக்குள் காயாது. ஈரத் தலையோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் போனால், அந்த ஈரம் பைக்கும் ஏறும். அன்றைய தூக்கம் போச்சு. மறுநாள் நடையும் போச்சு.

முடிக்கும் அது நல்லதல்ல. ஈரமான முடி அதிகம் இழுபடும், எளிதில் அறுந்துபோகும்.

ஓடையில் லேசா அலசிக்கலாமா?

வேண்டாம். பாதையோரம் ஓடும் பிரேக் சூ ஆறுதான் சில முகாம்களுக்குக் குடிநீர். அது ராத்தோங் ஆற்றில் சேர்ந்து, ரங்கீத் வழியாகத் தீஸ்தாவுக்குப் போகிறது. மேல் முகாமில் நீங்கள் அலசிய ஷாம்பு, கீழ் முகாமில் அடுத்த குழு பிடிக்கும் குடிநீரில் வந்து சேரும். காட்சிமுனைக்கு முன்னால் வரும் சமிதி ஏரி உள்ளூர் மக்களுக்குப் புனிதமானது. அதில் கால் நனைப்பதைக்கூட அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

"மக்கும் ஷாம்புதானே?" என்று கேட்கலாம். அது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் மெல்ல மக்கும் பொருள். குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் அந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது. அதனால்தான் எந்த சோப்பாக இருந்தாலும் நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளிப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். உத்தேசமாக 80 தப்படி.

சமையல்காரரிடம் ஒரு பக்கெட் வெந்நீர் கேட்பதற்கு முன்னும் யோசியுங்கள். அந்த எரிபொருள் கீழிருந்து ட்ஸோ மாடுகளின் முதுகில் ஏறி வருகிறது.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

இரண்டு வாரம் முன்பே நுனிகளை வெட்டிவிடுங்கள். பிளந்த நுனிகள்தான் முதலில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பொடுகு இருந்தால் அதற்கான ஷாம்புவை இந்தக் காலத்திலேயே போட்டுக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். கம்பளித் தொப்பிக்குள் வியர்த்துக் கொட்டும்போது பொடுகு அரிப்பு பெரும் தொல்லை. புது ஹேர் கலர், ஸ்ட்ரெய்ட்னிங் போன்ற பரிசோதனைகள் அந்த மாதம் வேண்டாம்.

முந்தைய நாள் எண்ணெய் வைத்து நன்றாகத் தலைக்குக் குளித்து, முழுசாகக் காயவைத்துக் கிளம்புங்கள். தேங்காய் எண்ணெய்க்கு இங்கே ஒரு நியாயம் உண்டு. 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

"பேசாம மொட்டை போட்டுட்டா?" என்று சிலர் கேட்பார்கள். சிக்குப் பிரச்சினை தீரும். குளிரும் வெயிலும் நேராக மண்டையில் இறங்கும். அதற்குப் பதில் கட்டையாக வெட்டிக்கொண்டால் போதும்.

எப்படிக் கட்டுவது?

நீண்ட முடிக்குப் பள்ளிக்கூட ரெட்டைப் பின்னலை மிஞ்ச ஒன்றுமில்லை. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். ஒற்றைப் பின்னல் முதுகுக்கும் பைக்கும் நடுவில் மாட்டி, நாள் முழுக்க உரசும். பையின் பட்டையில் சிக்கி இழுபடும். பிடரியில் கையளவு சிக்கு உருண்டை உருவாவது இப்படித்தான். இரண்டாகப் பின்னித் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டால் இந்த உரசலே இல்லை.

உச்சிக் கொண்டையும் மலைக்குச் சரிப்படாது. தொப்பி உட்காராது, ஜாக்கெட்டின் தலைமூடி ஏறாது, மல்லாந்து படுக்க முடியாது.

தோள்வரை உள்ள முடியை இரண்டு சிறு பின்னலாகவோ, தாழ்வான குதிரைவாலாகவோ கட்டலாம். சுருள்முடிக்காரர்கள் காய்ந்த முடியில் சீப்பு போடவே வேண்டாம்; நுனியில் ஒரு துளி எண்ணெய் தடவி விரலாலேயே பிரித்துப் பின்னுங்கள். கட்டுவதற்குத் துணி ரப்பர் பேண்டு நல்லது. உலோகக் கிளிப் குளிரில் ஜில்லென்று குத்தும், முடியையும் அறுக்கும்.

முடி வெட்டாத சீக்கியர்களின் பழக்கத்தைப் பாருங்கள். சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஹேம்குண்ட் சாகிப்புக்கு அவர்கள் நீள முடியோடுதான் நடந்து ஏறுகிறார்கள். முடியைச் சீவி, முடிந்து, துணியால் மூடுவது அவர்களுக்கு அன்றாட ஒழுங்கு. சீப்பு அவர்களுடைய ஐந்து மத அடையாளங்களில் ஒன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் அதுதான்: சீவு, கட்டு, மூடு.

பாதையில் தினமும் என்ன செய்ய வேண்டும்?

பத்து நிமிடம் போதும். நேரம் முக்கியம்: முகாமுக்கு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே. இருட்டிய பிறகு விரல் விறைத்துவிடும். யாருக்கும் சடை பிரிக்க மனசு வராது.

முதலில் பின்னலை அவிழ்த்து, வியர்வை காயும்வரை விடுங்கள். பிறகு அகலப் பல் மரச்சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாகச் சீவுங்கள். வேரிலிருந்து ஆரம்பித்தால் சின்னச் சின்னச் சிக்குகள் எல்லாம் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும். பிளாஸ்டிக் சீப்பு வறண்ட காற்றில் முடியைச் சிலிர்க்க வைக்கும். மரம் அப்படிச் செய்யாது. நுனியில் இரண்டு துளி எண்ணெய். உச்சந்தலையில் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். மறுபடி தளர்வாகப் பின்னுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். முகாமில் உங்கள் பாட்டில் கல்லாகத்தான் இருக்கும். சிறிய அகலவாய் டப்பாவில் எடுத்துப் போய் விரலால் வழித்து எடுங்கள். அல்லது பாதாம் எண்ணெய் கொண்டுபோங்கள்.

பிசுக்கு தாங்கவில்லையா? ஒரு டம்ளர் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, மதிய வெயிலில் வகிடு, நெற்றியோரம், காதுக்குப் பின்னால், பிடரி ஆகிய இடங்களை மட்டும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த தலையில் சிட்டிகை சோளமாவு தேய்த்துச் சீவினாலும் எண்ணெய் குறையும். ஸ்ப்ரே வகை டிரை ஷாம்பு வேண்டாம். தீப்பற்றக்கூடிய வாயு அடைத்த டப்பாவை ஸ்டவ் எரியும் கூடாரத்தின் பக்கத்தில் வைத்திருப்பது வம்பு. வெட் வைப்ஸ் எடுத்துப் போனால், பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கும். புதைக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இரவில் வியர்வை படாத தனித் தொப்பி ஒன்று போடுங்கள். அதற்கு உள்ளே பட்டு அல்லது சாட்டின் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டால் கம்பளி உரசாது. தொப்பி, சீப்பு, பஃப் எதையும் இரவல் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

வெயில் முடியை என்ன செய்யும்?

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். முதலில் வெந்துபோவது வகிடும் காது மடலும்தான். தினமும் வகிட்டை மாற்றி எடுங்கள். பகலில் விளிம்பு வைத்த தொப்பி கட்டாயம்.

தாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூச்சு ஈரம் தாடியில் தங்கி, மூடிய துணி நனைந்துவிடும். இரண்டு பஃப் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுங்கள். பாதையில் ஷேவ் செய்ய வேண்டாம். குளிரில் வறண்ட தோலில் கத்தி கீறினால் எரிச்சல் சீக்கிரம் அடங்காது.

தலைவலி வந்தால்?

இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத பகுதி இது. இறுக்கமான பின்னலும் இறுக்கமான தொப்பியும் தலைவலி கொடுக்கும். 2,500 மீட்டருக்கு மேல் வரும் உயர நோய்க்கும் முதல் அறிகுறி தலைவலிதான். "சடை இறுக்கம்தான் போல" என்று நினைத்து அதை மறைத்து மேலே ஏறுவது ஆபத்து.

பின்னலை அவிழ்த்து விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள். அதன் பிறகும் வலி குறையாவிட்டாலோ, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசாதாரணக் களைப்பு சேர்ந்துகொண்டாலோ உடனே கைடிடம் சொல்லுங்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. மோசமானால் கீழே இறங்க வேண்டும். முதல் நாளிலிருந்தே தளர்வாகக் கட்டும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே பாதி குறையும்.

குளித்தே ஆக வேண்டும் என்றால்?

பல குழுக்கள் ஜோங்ரியில் ஒரு நாள் தங்கும். அன்று காற்றில்லாத நல்ல வெயில் அடித்தால், முற்பகலில், கைடிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மக் வெந்நீரில் முடிக்கலாம். ஓடையிலிருந்து 80 தப்படி தள்ளி. மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும், அதற்குள் முடி முழுக்கக் காய வேண்டும். நீள முடி என்றால் இந்த ஆசையை யுக்சோம் வரை ஒத்திப்போடுவதே நல்லது.

திரும்பி வந்ததும் முதல் வேலை என்ன?

நேராக ஷவருக்குள் ஓடாதீர்கள். சிக்கு நனைந்தால் இன்னும் இறுகும். முதலில் தாராளமாக எண்ணெய் தடவி, அரை மணி நேரம் விட்டு, விரலால் பிரித்து, பிறகு நுனியிலிருந்து சீவுங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஷாம்பு இரண்டு முறை, கடைசியில் கண்டிஷனர்.

அப்போது கையோடு வரும் முடியைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வீட்டில் அது சீப்பிலும் தரையிலும் சிதறிப் போய்விடுகிறது. பின்னலில் சரியாகச் சீவாமல் பத்து நாள் அடைபட்டிருந்தால், 500 முதல் 1,000 முடி வரை ஒரே தடவையில் வரும். பார்க்க ஒரு கைப்பிடி இருக்கும். அது மலையால் வந்த முடி உதிர்வு அல்ல. சேர்ந்துபோன பழைய பாக்கி.

ஆனால் காய்ச்சலோ, திடீர் எடை இழப்போ ஏற்பட்டிருந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து உதிர்வு கூடலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகும். நீடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பையில் என்னென்ன?

- அகலப் பல் மரச்சீப்பு: 1
- துணி ரப்பர் பேண்டு: 6 (இரண்டு கண்டிப்பாகத் தொலையும்)
- பஃப்: 2
- விளிம்புத் தொப்பி 1, இரவுக்கான கம்பளித் தொப்பி 1
- பட்டு அல்லது சாட்டின் துணி: 1
- எண்ணெய்: 30 மி.லி. டப்பா
- சோளமாவு: ஒரு சின்ன டப்பா
- சிறு பருத்தித் துண்டு: 1

எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். ஷாம்புவையும் கண்டிஷனரையும் யுக்சோமில் விட்டுப்போகும் பையில் வையுங்கள். இறங்கி வரும்போது அவை உங்களுக்காகக் காத்திருக்கும்.