ஸ்பெக்ட்ரம் கணனியும் அதன் குரலும்

ஒரு கருவியின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் ஆற்றலை அளந்து காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். விரைவு எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்னும் வினாக்களே முன்னிற்கின்றன. ஆனால், ஆற்றல் மிக்க பொருளொன்று சந்தைக்கு வந்தும் பயன்படாது கிடந்தமைக்கும், சில ஆண்டுகளின் பின் அதே பொருள் எங்கும் பரவியமைக்கும் காரணம் யாது என்னும் வினாவுக்கு அவ்வளவைகள் விடை தாரா. பிரித்தானியாவில் 1982ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வெளிவந்த இசட். எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணனி நல்ல குரல் பெற்ற வரலாறு இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கேம்பிரிட்ஜ் நகரத்துச் சிங்கிளெயர் ஆய்வு நிறுவனம் இக்கணனியை எளியோரும் வாங்கத்தக்க விலையில் அமைக்க விரும்பியது. 16 கிலோபைற்று நினைவகமுடைய பொறி 125 பவுணுக்கும், 48 கிலோபைற்று உடையது 175 பவுணுக்கும் விற்கப்பட்டன. இச்சிக்கனத்தின் விளைவாக ஒலிக்கெனத் தனிச்சுற்று எதுவும் வைக்கப்படவில்லை. பொறியினுள்ளே சிறிய ஒலிபெருக்கி ஒன்று மட்டும் இருந்தது. 254ஆம் எண்ணுடைய துறையின் ஒரேயொரு பிட் அதனைத் திறக்கவும் மூடவும் வல்லதாயிற்று. அதே துறையின் வேறு மூன்று பிட்டுகள் திரையின் ஓர நிறத்தைத் தீர்மானித்தன. ஐரோப்பிய இசையின் நடு ‘சி’ என்னும் சுரத்தை எழுப்ப வேண்டின், கணனியின் செயலி செக்கனுக்கு ஏறத்தாழ 262 முறை அவ்வொலிபெருக்கியைத் திறந்து, அத்தனை முறை மூடவும் வேண்டும். அவ்வேளையில் அது பிறிதொரு பணியையும் செய்ய இயலாது. ஆதலின், பேசிக் மொழியின் ‘பீப்’ என்னும் கட்டளை ஒலிக்குந்தோறும் ஏனைய இயக்கமெல்லாம் நின்றன.

இக்குறையே ஒரு கலைக்குப் பிறப்பிடமாயிற்று. திறத்தலுக்கும் மூடலுக்கும் இடைப்பட்ட காலத்தை மிக நுட்பமாகப் பகுத்து, ஒரு பிட்டைக் கொண்டே பல குரல்கள் ஒருங்கே ஒலிப்பது போன்ற தோற்றத்தைச் செய்நிரலாளர் உண்டாக்கினர். ரிம் பொலின் என்பவர் 1987இல் வெளிவந்த ‘குரோனோஸ்’ விளையாட்டுக்கு அமைத்த முகப்பிசை இத்துறையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. ஆயினும், செயலி முழுவதையும் இத்தகைய இசையே விழுங்கிவிடுவதால், அது பெரும்பாலும் அசைவற்ற முகப்புத் திரைக்கே உரியதாயிற்று. விளையாட்டு நடைபெறுகையில் சிற்றொலிகளே கேட்டன.

இதற்கு மாற்று இல்லாமற் போகவில்லை. ஜெனரல் இன்ஸ்ருமென்ற் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஏ. வை. 3-8910 குடும்பத்து ஒலிச் சிப்புகள் 1970களின் இறுதியிலேயே தோன்றிவிட்டன. மூன்று சதுர அலைக் குரல்களும் இரைச்சல் பிறப்பிக்கும் பகுதியும் 16 படியான ஒலியளவும் அவற்றில் அமைந்திருந்தன. செயலி சில எண்களைப் பதிவகங்களில் எழுதினாற் போதும். சிப் தானே தொடர்ந்து ஒலிக்கும். செக்கனுக்கு 17,73,400 துடிப்புகள் பெறும் சிப்பொன்றில் 252 என்னும் எண்ணை எழுதினால், அத்துடிப்புகள் 16 ஆலும் 252 ஆலும் வகுக்கப்பட்டு, 440 ஹேர்ட்ஸுக்கு மிக அண்மித்த மீடிறன் கிடைக்கும். செயலியோ விளையாட்டை நடத்தத் திரும்பிவிடலாம்.

லிவர்பூல் நகரத்து புல்லர் நிறுவனம் 1983ஆம் ஆண்டளவில் இக்குடும்பத்து 3-8912 சிப்பைப் பெட்டியொன்றில் அடக்கி, ஸ்பெக்ட்ரத்தின் பின்புற இணைப்பில் செருகத்தக்கதாக விற்றது. கணனியின் இயல்பான மெல்லொலியையும் அப்பெட்டி பெருக்கித் தந்தது. எனினும் அதற்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் மிகச் சிலவே. பெட்டி உடையோர் சிலராதலின் செய்நிரலாளர் அதற்கு எழுத முன்வரவில்லை. செய்நிரல்கள் இல்லாமையின் மக்கள் பெட்டியை வாங்க முன்வரவில்லை. பொருளின் தரத்தில் குறை இருந்ததன்று; அதனை நம்பி எழுதுதற்குரிய பொது உடன்பாடே இருந்ததில்லை.

அவ்வுடன்பாடு 1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்பானியாவிலும், 1986இன் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் வெளியான ஸ்பெக்ட்ரம் 128 உடன் பிறந்தது. சிங்கிளெயர் நிறுவனம் அதே 3-8912 சிப்பைப் பொறியினுள்ளேயே பொருத்தியது. ஒலியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே கேட்கச் செய்தது. புல்லர் பெட்டியில் 63, 95 என்னும் துறைகளில் எழுத வேண்டியிருந்தது. புதிய பொறியிலோ 65533, 49149 என்னும் துறைகளில் எழுத வேண்டியதாயிற்று. சிப் ஒன்றே, அதனை அழைக்கும் முகவரியே வேறு. 1986 ஏப்பிரலில் ஸ்பெக்ட்ரம் உரிமை அம்ஸ்ராட் நிறுவனத்துக்குக் கைமாறிய பின்னர் வெளிவந்த பிளஸ் 2, பிளஸ் 3 பொறிகளும் இப்புதிய முகவரியையே பேணின. அதனால் இசையமைப்போர் துணிந்து எழுதினர்.

பின்வந்தோர் இப்பாடத்தை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. செக்கோசிலோவாக்கியாவின் டிடாக்டிக் நிறுவனம் பழைய பொறிகளுக்கென விற்ற ‘மெலோடிக்’ என்னும் இணைப்பு 128இன் முகவரியையே ஏற்றது. இரண்டு சிப்புகளால் ஆறு குரல்கள் தரும் ‘ரேர்போசவுண்ட்’ என்னும் அமைப்பை உருவாக்கிய ரஷ்ய ஆர்வலரும் அதே துறைகளைக் காத்தனர். எந்தச் சிப் என்று தெரிவதற்கு மட்டும் ஓர் எண்ணை முன்னே எழுதச் செய்தனர். ஆகவே 128க்கென முன்னர் இயற்றப்பட்ட இசை யாதொரு மாற்றமுமின்றி இவற்றில் ஒலித்தது.

மூலச் சிப்பின் உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. இருந்தும், பழைய 48 கிலோபைற்றுப் பொறிகளுக்கு ஒலி இணைப்புச் செய்வோர் இன்றும் உளர். அவர்கள்முன் இருவழிகள் உள்ளன. பின்புற இணைப்பில் செருகுவது ஒன்று. பலகையை அறுத்துப் பற்றாசு வைப்பது மற்றொன்று. முன்னைய வழியில், இணைப்பைக் கழற்றியதும் பொறி 1982இல் இருந்தவாறே மீளும். பின்னைய வழியிற் பழையது திரும்பாது. ஒரு பிட்டில் இயற்றப்பட்ட இசையைப் புதிய சிப் தானாகவே ஒலிக்கவல்லதன்று. அவ்விசைக்கு அந்தச் சிறிய ஒலிபெருக்கியும் அதனை ஓயாது திறந்து மூடும் செயலியுமே கருவிகள். எனவே, புதுக்குரலைச் சேர்ப்போர் பழங்குரலை அகற்றாதிருத்தல் வேண்டும். அன்றேல், ஒரு கணனிக்கு நல்லிசை தந்த அக்கையே அதன் வரலாற்றின் ஒரு பகுதியை ஊமையாக்கியதாக முடியும்.