பெர்னால்ட் கழிவுச் சைலோக்களின் தகர்ப்பு

பெர்னால்ட் சைலோக்கள் என்பன, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் சின்சினாற்றி நகருக்கு வடமேற்கே, அணுவாயுதத் திட்டத்துக்கான யுரேனிய உலோகத்தை 1989 வரை உற்பத்தி செய்த ஆலையின் வளாகத்தில், 1950களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட நான்கு கொங்கிறீற்றுக் கொள்கலன்களாகும். சைலோ என்பது தானியத்தையோ தீவனத்தையோ சேமிக்கும் உருளை வடிவக் கட்டடம். பயனளவில் வன்னி உழவரின் கொம்பறைக்கு ஒப்பானது. ஆலையின் பெயரிலும் தீவனத்தைக் குறிக்கும் 'ஃபீட்' என்னும் சொல் இருந்தமையால், அங்கு கால்நடைத் தீவனம் தயாராவதாகவே அயலவர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

முதலிரு சைலோக்களில் 'கே-65' எனப்பட்ட எச்சம் இருந்தது. பெல்ஜியக் கொங்கோவின் சின்கொலொப்வே சுரங்கத்துச் செறிந்த தாதிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தபோது, அதனுடனிருந்த இரேடியம் பிரியாமல் கழிவிலேயே தங்கியது. இரேடியம்-226 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். அது சிதையும்போது இரேடன் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு வாயு ஓயாது வெளிப்படும். முல்லைத்தீவின் கொக்கிளாய்க் கரையோரக் கனிய மணலிலுள்ள மொனசைற்றிலும் தோரியம் உண்டு. ஆகவே, வேண்டிய மூலகத்தை எடுத்தபின் எஞ்சுவதை எங்கே வைப்பது என்னும் வினா இலங்கைக்கும் அந்நியமானதன்று.

காலப்போக்கில் கொங்கிறீற்று நலிவுற்றமையால், 1964இல் சுவர்களைத் தாங்க மண் அணைக்கப்பட்டதுடன், இரேடனை அடக்க 1991இல் எச்சத்தின்மேல் பென்ரோனைற்றுக் களிமண் பரப்பப்பட்டது. இவை தற்காலிக ஏற்பாடுகளே. எச்சத்தைக் கண்ணாடியாக உருக்கி இறுகச் செய்யும் திட்டமும், 1996 டிசம்பரில் சோதனை உலையிலிருந்து உருகிய கண்ணாடி கசிந்தபின் கைவிடப்பட்டது.

இத்தகைய கட்டடங்களைத் தகர்ப்பதில் சுவரை இடிப்பது மிகச் சிறிய பகுதியே. உள்ளிருப்பதைக் காற்றில் கலக்கவிடாது வெளியேற்றுவதே பெரும்பணி. பெர்னால்டில் நீரைப் பாய்ச்சி எச்சத்தைச் சேறாக்கி இடைக்காலத் தாங்கிகளுக்கு இறைத்து, கூரைக்கடியில் திரண்ட இரேடனைக் கரி வடிகட்டிகளால் உறிஞ்சியெடுத்த பின்னரே வெறுமையான ஓடுகள் உடைக்கப்பட்டன. சீமெந்தும் அனற்சாம்பலும் கலந்து இறுக்கப்பட்ட எச்சம், உருக்குக் கலன்களில் ரெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, 2009இல் அங்கு நிரந்தரமாகப் புதைக்கப்பட்டது.

ஏறத்தாழ 440 கோடி டொலர் செலவில் 2006 அக்டோபரில் வளாகத்தின் துப்புரவு நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டு, அவ்விடம் ஈரநிலங்களும் புல்வெளியும் கொண்ட காப்பிடமாயிற்று. எனினும் யுரேனியம் கலந்த நிலத்தடிநீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது.