எண்ணெய் குடிக்கும் வண்டி



தோட்டத்து வண்டி முன்னைவிட அதிகமாக எண்ணெய் குடிக்கத் தொடங்கினால், முதலில் யார்மீது சந்தேகம் விழும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. டிரைவர் மீதுதான். "எண்ணெயை விற்றுவிட்டான்" என்று ஒரு பேச்சு லயத்தில் கிளம்பிவிட்டால் பிறகு அதை அடக்குவது எளிதன்று. அப்படிப் பழி சுமந்த ஒருவருடைய கணக்கு, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் எவ்வாறு தீர்ந்தது என்பதை இன்று காண்போம். அதற்குமுன், அந்தச் சாலையின் பழங்கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

இன்று நகைக்கடைகளும் பூக்கடைகளும் நிறைந்திருக்கும் தேக்கா வட்டாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுக்குப் பேர்போன இடம். அங்குள்ள பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் இரண்டு தெருப் பெயர்களுக்கும் எருமை என்றே பொருள். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைப் பட்டி. கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த பெலிலியோஸ் என்பவர் பெயரிலும் அங்கே ஒரு தெரு உண்டு. அந்நாளில் சிங்கப்பூரின் சரக்கும் தண்ணீரும் மாட்டு வண்டியில்தான் போயின. சைனாடவுன் பகுதிக்குக் 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி, என்று பெயர் வந்ததும் அதனால்தான். வண்டி ஓட்டியவர்களில் நம்மவர்கள் பலர்.

வண்டிக்காரருக்கு ஓர் அறிவு இருந்தது. மாடு சீக்கிரம் களைத்துப் போனால், சாட்டையை எடுக்குமுன் அவர் அச்சைப் பார்ப்பார். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த வண்டிமை காய்ந்துவிட்டால் சக்கரம் இறுகும். குற்றம் அச்சில் இருக்க, அடி மாட்டுக்கு விழும். மோட்டார் வந்த பிறகு இந்த அறிவை நாம் சற்று மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் 1896-இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எண்ணெய் வந்துவிட்டது. 1892-இல் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் மண்ணெண்ணெய் நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே வந்தது. அந்த எண்ணெயைச் சேமிக்க இடமானது சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள புக்கோம் தீவு. 1961-இல் அதே தீவில் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு எட்டுவதே பெரும்பாடு. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபது மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. காற்று பழுக்கக் காய்கிறது. அதில் எண்ணெயைப் பனிப்புகைபோல் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே மூன்று காரியங்கள் சரியாக இருக்கவேண்டும்: போதிய காற்று, நல்ல அழுத்தம், மெல்லிய தெளிப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் வீணாகும்.

லேண்ட் ரோவர் 1948-இல் வெளிவந்தது. 1957-இல் அதற்கு டீசல் இயந்திரம் கிடைத்தது. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் இவ்வகை வண்டிகள் அங்கே சாதாரணக் காட்சி. 1971-இல் அப்படைகளில் பெரும்பகுதி வெளியேறியது. ராணுவத்தார் கழித்த பொருள்கள் பல சுங்கை ரோடு பழஞ்சந்தையில் வெகுகாலம் விற்றன. அந்தச் சந்தை 2017-இல் மூடப்பட்டது. சுங்கை ரோட்டை அடுத்த ஜாலான் புசார் பக்கத்துத் தெருக்களில் உதிரிப் பாகக் கடைகள் இருந்தன. ஜொகூரில் கிடைக்காத சாமான் அங்கே கிடைக்கும் என்பது எங்கள் தோட்டத்தில் வேதவாக்கு.

எங்கள் டிரைவர் மாமா 1980-களில் அங்கே போனது அதனால்தான். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்ததும் சில மாதங்களில் உலக விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதன் பின் எந்தத் தோட்டத்துக் கிராணியும் டீசல் புத்தகத்தை அசட்டையாக எழுதியதில்லை. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடிய லேண்ட் ரோவர் 6 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று எங்கள் கிராணி கண்டார். மாமாவின் சம்பளத்தில் இரண்டு மாதம் எண்ணெய்க் காசு பிடித்தார். சிங்கப்பூரில் வண்டியைக் காட்டி வா, பழுது இல்லையென்றால் வேலை இல்லை என்று துரையும் சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறை, சிராங்கூன் சாலையில் புத்தகம் வாங்கித் தருவதாகச் சொல்லி மாமா எங்களையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசவேயில்லை.

பட்டறைக்காரர் வயதான தமிழர். மாமா கண்கலங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இயந்திரத்தைத் திறக்காமல் டயரைப் பார்த்தார். "தம்பி, இது எப்போ மாத்தினது?" என்றார். நான்கு மாதம் முன்பு, சேற்றில் சிக்காமலிருக்கப் பெரிய டயர் போட்டதாக மாமா சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பின் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு பள்ளியில் வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்கும்போதெல்லாம் இதையே உதாரணமாகச் சொல்லி வருகிறோம். மீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணுகிறது. சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், வண்டி 110 கிலோமீட்டர் போயிருக்க மீட்டர் 100 என்றே காட்டும். கிராணியின் 6 உண்மையில் 6.6. காணாமற்போன எண்ணெயில் ஒரு பகுதி காணாமற்போகவே இல்லை! மேலும், பீப்பாயிலிருந்து வாளியில் அளந்து ஊற்றியதை நம்பக்கூடாது என்றார் அவர். தொட்டியை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே இடத்தில் நிறுத்தி வாய்வரை நிரப்பவேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய அளவே உண்மையான செலவு.

பிறகு வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்கவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோனார். பின்பக்க இடதுசக்கரம் அனலாகக் காய்ந்தது. பிரேக் கட்டை டிரம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. காய்ந்த வண்டிமையின் கதையேதான்.

அடுத்து இன்ஜின் ஆயில் குச்சி. ஆயில் குறைந்திருந்தால் நாம் கவலைப்படுவோம், இங்கே கூடியிருந்தது. குச்சியை முகர்ந்தபோது டீசல் நெடி. தொட்டியிலிருந்து எண்ணெய் இழுக்கும் பம்பிலுள்ள சவ்வு கிழிந்து, டீசல் ஆயிலுக்குள் இறங்கியிருந்தது. கணக்கில் இது சிறிய நட்டந்தான். ஆனால் ஆயில் நீர்த்துப்போனால் இயந்திரமே தேய்ந்து போகும். எண்ணெய்ச் செலவை விசாரிக்கப் போய் வண்டியின் உயிரைக் காப்பாற்றினார் என்றே சொல்லவேண்டும்.

சைலன்சர் கறுப்புப் புகை விட்டது. கறுப்புப் புகை என்றால் எண்ணெய் முழுதும் எரியவில்லை. காற்று குறைவு, அல்லது தெளிப்பு கெட்டது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. இயந்திரம் சூடான பிறகும் வெண்புகை நின்றால் அழுத்தமோ எண்ணெய் தெளிக்கும் நேரமோ தவறியிருக்கலாம். தண்ணீர் உள்ளே கசிவதாகவும் இருக்கலாம். காற்று வடிகட்டியில் செம்மண் சேறாய் இருந்தது. கழுவிப் புது ஆயில் ஊற்றினார். நான்கு நாசில்களையும் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அழுத்தியபோது இரண்டு பனிபோல் தெளித்தன, இரண்டு மூக்கொழுகுவதுபோல் சொட்டின. வேடிக்கை பார்க்கக் குனிந்த எங்களை அவர் அதட்டி விலக்கினார். அந்தத் தெளிப்பு தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். நேயர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கவேண்டும்.

இத்தனையும் முடிய இரண்டு நாளாயிற்று. புத்தகம் வாங்கினோமா என்பது நினைவில்லை. தேக்காவில் ஒரு கடையில் பரோட்டா தின்றது நினைவிருக்கிறது.

இன்று சிங்கப்பூரில் இத்தகைய பழைய டீசல் வண்டிகளைக் காண்பது அரிது. 2017-இல் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வரி வந்தது, 2019-இல் அது 20 காசாயிற்று. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் அங்கே பதிவு செய்வதில்லை. நம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில ஓடுகின்றன.

தோட்டத்துக்குத் திரும்பி, தொட்டியை வாய்வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது மீட்டர்ப்படி லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் வந்தது. டயர்க் கணக்கைச் சேர்த்தால் எட்டேகால். மீதம் முக்கால் கிலோமீட்டர் முதுமையின் பங்கு. தேய்ந்த இயந்திரத்தில் அழுத்தம் குறைவு என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். பட்டறை ரசீதையும் கிழிந்த சவ்வையும் மாமா கிராணியின் மேசைமேல் வைத்தார். வேலை நிலைத்தது. பிடித்த இரண்டு மாதக் காசு மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லை.