முதல் வகுப்பில் தேங்கிய பிள்ளைகள்

வேற்றூருக்கு மாற்றலாகி வந்திறங்கும் தமிழ்க் குடும்பம், பெட்டி படுக்கைகளை அவிழ்ப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் விசாரிப்பவை இரண்டு. பால் எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு எவரும் உடனே விடை சொல்லிவிடுவர். இரண்டாவதற்கு விடை சொல்பவரோ சற்றுத் தயங்கி, நம் உடையையும் உத்தியோகத்தையும் அளந்து பார்த்த பின்னரே வாய் திறப்பார். தெருக்கோடியில் நகராட்சிப் பள்ளி ஒன்று இருக்கும்; அதன் பெயரை மட்டும் அவர் சொல்லமாட்டார். அந்தப் பள்ளிகளில் சேர்கின்ற எல்லாப் பிள்ளைகளும் உண்மையாகவே கற்றுத் தேற வேண்டும் என்பதற்காக இந்நாடு நூறாண்டுக்கு மேலாக என்னென்ன முயன்றது, எங்கே இடறியது என்பதை நேயர்களுடன் இன்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கதை பரோடா சமஸ்தானத்தில் தொடங்குகிறது. மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1893-இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாய ஆரம்பக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906-இல் அதனைச் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். ஒரு சுதேச மன்னரால் இயன்றது பேரரசால் ஏன் இயலாது என்று கேட்டவர் கோபால கிருஷ்ண கோகலே. மத்திய சட்டசபையில் 1910 மார்ச்சில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதனால் பயன் விளையாமையின் 1911 மார்ச்சில் மசோதாவாகவே கொண்டுவந்தார். மிக அடக்கமான மசோதா அது. ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், பள்ளி செல்வோர் விகிதம் ஏற்கெனவே ஓரளவு உயர்ந்துள்ள இடங்களில் மட்டும், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாரம். அதுவும் அதிகமாகப்பட்டது. 1912 மார்ச் 19-ஆம் நாள் வாக்கெடுப்பில் ஆதரவாக 13 பேரும் எதிராக 38 பேரும் வாக்களித்தனர். உத்தியோக வர்க்கத்தார் பணமில்லை என்றனர். நிலக்கிழார்களுக்கு இருந்த கவலை வேறு. ஏழையின் மகன் ஏட்டைப் பிடித்துவிட்டால் ஏரைப் பிடிப்பது யார் என்பதே அது.

எனினும் கோகலே தொடுத்த கேள்வி சாகவில்லை. 1918 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பம்பாய், சென்னை உள்ளிட்ட மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்விச் சட்டங்கள் இயற்றின. பள்ளிகள் பெருகின, பெயர்ப் பதிவேடுகள் நிரம்பின. அப்பொழுதுதான், நிரம்பிய பதிவேட்டை ஒருவர் புரட்டிப் பார்த்தார்.

சைமன் கமிஷனுக்குத் துணையாக அமைந்த குழு ஒன்றின் தலைவரான சர் பிலிப் ஹார்டாக் 1929-இல் அளித்த அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 100 பேர் என்றால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் 18 பேர். எஞ்சிய 82 பேரில் சிலர் இடையிலேயே நின்றுவிட்டனர். சிலர் முதல் வகுப்பிலேயே இரண்டாண்டு, மூன்றாண்டு எனக் குந்தியிருந்தனர். முன்னதற்கு 'விரயம்' என்றும் பின்னதற்குத் 'தேக்கம்' என்றும் அறிக்கை பெயரிட்டது. அன்றிலிருந்து இந்தியக் கல்வி அறிக்கை எதைப் புரட்டினாலும் இவ்விரு சொற்களும் இரட்டையராகக் கைகோத்து வருவதைக் காணலாம்.

நாம் மத்திய சர்க்காரின் அறிக்கைகளைத் தமிழாக்கியே காலம் கழிப்பவர். இச்சொற்கள் வரும் இடங்களில் நம் பேனா சற்று நிற்பதுண்டு. நம் நாட்டில் ஏரியில் நீர் தேங்கினால் உழவன் மகிழ்வான். தேக்கியவன் இன்னான் என்று கல்லில் வெட்டிவைப்பான். கல்வி அறிக்கைகளிலோ பிள்ளை தேங்கிற்று என்று மட்டும் இருக்கும். தேக்கியவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் எழுவாயே இராது. இஃது இலக்கணக் குறை மட்டுமன்று என்பது நம் கருத்து. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் குற்றம் தானாகவே பிள்ளையின்மீது போய்ச் சாய்ந்துகொள்கிறது.

முதல் வகுப்பின் நிலையைச் சற்று உள்ளே சென்று பார்ப்போம். ஆண்டு முழுவதும், நினைத்த நாளிலெல்லாம் புதுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருப்பர். ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். அறுவடைக்காலம் வந்தால் பாதிப் பேர் காணாமற்போவர். ஒரே உபாத்தியாயர் நான்கு வகுப்புகளுக்கும் பாடம் சொல்பவராதலின், தேர்வு எழுதப்போகும் மேல் வகுப்பினரையே அவர் கவனிப்பார். முதல் வகுப்பினரை அமைதியாக இருக்கச் செய்தலே அவருக்குப் பெரும்பாடு. ஆண்டிறுதியில் அப்பிள்ளைகள் தேறவில்லை என்று எழுதப்படும். ஹார்டாக் குழு கண்ட பரிகாரம், பள்ளிகளை மேலும் பெருக்காமல் இருப்பவற்றைச் செம்மைப்படுத்துக என்பது. கேட்பதற்கு நியாயமே. ஆனால் பள்ளியே காணாத கிராமங்கள் பல்லாயிரம் இருந்த நாட்டில், செம்மை என்பது செலவைச் சுருக்குவதற்கு ஒரு சாக்காயிற்று. தரமா, தொகையா என்ற அந்த வழக்கு இன்றளவும் ஓயவில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. 1960 வந்தது, போயிற்று. 1964 முதல் 1966 வரை டாக்டர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் இயங்கிய கல்விக் கமிஷனும் அதே முதல் வகுப்பின் வாசலில்தான் வந்து நின்றது. தேக்கம் மிகுதியாக இருப்பது அங்கேதான் என்று கண்டது. இம்முறை பரிகாரம் வேறு. முதலிரண்டு வகுப்புகளையும் ஒரே தொகுதியாகக் கருதி, இடையில் தேர்வால் தடுக்காமல், பிள்ளை தன் நடையில் கற்று முன்னேற விடுக என்றது. அண்டையில் உள்ள பொதுப் பள்ளியில் அனைவர் பிள்ளைகளும் ஒருங்கே பயில வேண்டும் என்றும், தேச வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குச் செல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இரண்டும் ஏட்டளவில் நின்றன. நடந்தது என்னவெனில், சிறந்த பள்ளிகள் தனித்தனியே சில தோன்றின. மாற்றலாகிச் செல்லும் மத்திய ஊழியர்களின் பிள்ளைகளுக்கென 1963-இல் கேந்திரிய வித்யாலயத் திட்டமும், கிராமப்புறத்துத் திறமைசாலிகளுக்கென 1986-இல் நவோதய வித்யாலயத் திட்டமும் எழுந்தன. நேயர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றால் பயன்பெற்றவர்கள், நாமும் நன்றியுடையோம். ஆயினும் தெருக்கோடிப் பள்ளியின் கேள்விக்கு அது விடையாகாது.

தெருக்கோடிப் பள்ளிக்கு முதலில் உதவியது சோறு. சென்னையில் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இலேயே உணவளிக்கும் ஏற்பாடு தொடங்கியது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். சமைத்த உணவை நாடெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளில் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பர் 28-இல்தான். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயில் இரண்டே நாளில் வந்துவிடும்; இந்தச் சோற்றுப்பானை வந்து சேர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியரைத் தர முனைந்தது. 2002-இல் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்து, எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்றது.

தேக்கம் ஒழிந்தது, ஒழிந்ததா? 2005 முதல் பிரதம் என்னும் அமைப்பு கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச்சொல்லிப் பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தனர். தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்குகொண்ட பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வின் முடிவு 2011-இல் வெளியானபோது, இரு மாநிலங்களும் பட்டியலின் கடைசி வரிசைகளில் இருந்தன. கல்வியில் முன்னேறியவர்கள் என்று பிற மாநிலத்தாரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த நாம் அன்று வாய் மூடிக்கொண்டோம். முன்பு முதல் வகுப்பிலேயே நின்ற பிள்ளை, இப்பொழுது ஐந்தாம் வகுப்பு வரை சென்று அங்கும் முதல் வகுப்பிலேயே இருந்தது. உடனே பழைய குரல் மீண்டும் எழுந்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைப்பதா என்பது அந்தந்த அரசின் விருப்பத்திற்கு விடப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் ஆளுகையில் உள்ள பள்ளிகளுக்கு, தனிப் பயிற்சி தந்து இரண்டு மாதத்தில் மறுதேர்வு வைத்தபின் அதிலும் தவறினால் நிறுத்திவைக்கலாம் என்று விதி வகுத்தது.

இதற்கிடையே பரோடாவில், இன்று வதோதரா என வழங்கும் அதே நகரில், கவனிக்கத்தக்க ஒன்று நடந்தது. 2001 முதல் 2003 வரை அந்நகரிலும் மும்பையிலும் நகராட்சிப் பள்ளிகள் பலவற்றுக்குப் 'பால்சகி', அதாவது குழந்தையின் தோழி, என்ற பெயரில் ஒரு பெண் அனுப்பப்பட்டார். பள்ளியிறுதி வரை படித்த உள்ளூர்ப் பெண். சம்பளம் மாதம் 500 முதல் 750 ரூபாய். மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய சுமார் இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று, வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, எழுத்துக்கூட்டுதலும் கூட்டல் கழித்தலும் கற்பித்தார். பொருளியலறிஞர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உடனுழைத்தோரும் இதனை முறையாக அளந்தனர். தனியே சென்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். மிகவும் பின்தங்கியிருந்தோர் மிகுதியாக முன்னேறினர். திட்டம் நின்றபின் ஓராண்டில் அந்த ஏற்றம் ஓரளவு குறைந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கின்றனர். நம்மைச் சிந்திக்கவைப்பது வேறொன்று. இருபது பேர் வெளியே சென்றதனால் வகுப்பறையில் கூட்டம் குறைந்ததல்லவா? எஞ்சியிருந்த பிள்ளைகளுக்கு அதனால் பயன் ஏதும் விளையவில்லை. கற்பிக்கும் முறை மாறவில்லை. ஆகவே கற்பதும் மாறவில்லை. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் கற்கக்கூடியவர்களே என்பது, பள்ளியிறுதி மட்டும் படித்த ஒரு பெண்ணால் நிரூபணமாயிற்று. பின்னர் ஹரியானாவில் சர்க்கார் ஆசிரியர்களே தினம் ஒரு மணி நேரம், வகுப்பைப் பாராமல் படிக்கும் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தபோதும் பலன் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்ததும் இவ்வழியிலேயே.

பிறமொழி மாநிலத்தில் வாழும் நமக்கு இக்கதையில் தனியே ஒரு பங்கு உண்டு. 1949-இல் கல்வியமைச்சர்கள் கூடி, ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ வேறு தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என இசைந்தனர். 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டு, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்ப நிலையில் தாய்மொழி வழிக் கல்வி வசதி தருவது அரசின் முயற்சிக்குரியதாயிற்று. சட்டத்தை எதிர்பாராமலே டில்லித் தமிழர்கள் 1923-இல் சங்கம் அமைத்துப் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தனர். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவந்திருக்கிறது. ஆனால் கூலி வேலைக்கும் சிறு வியாபாரத்திற்கும் வந்து, நகரின் ஓரங்களில் பத்துப் பத்து வீடுகளாகச் சிதறி வாழ்வோருக்கு அந்த நாற்பதும் பத்தும் எளிதில் கூடுவதில்லை.

நம் குடியிருப்புக்கு அருகே விழுப்புரத்துக்காரர் ஒருவர் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். மாலையில் அவருடைய மகள் கல்லாவில் நிற்பாள். நகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஒருநாள் மூன்று தட்டு இட்லியும் இரண்டு வடையும் வாங்கி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினோம். தட்டு முப்பது ரூபாய், வடை பத்து. "நூத்திப்பத்து போக முந்நூத்தித் தொண்ணூறு, எண்ணிப் பாத்துக்குங்க மாமா" என்று கணத்தில் கொடுத்தாள். அவளது மதிப்பெண் அட்டையைத் தகப்பனார் நம்மிடம் காட்டினார். கணக்கில் அவள் வகுப்பிலேயே கடைசி. இந்தியில் எழுதிய கேள்வியை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது. கேள்வி விளங்குவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இது மொழியால் மட்டும் நேர்வதன்று. டில்லி, கல்கத்தாச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகள் மனக்கணக்கில் வல்லவராயினும் பள்ளிக் கணக்கில் தடுமாறுகின்றனர் என்று பானர்ஜி, டுஃப்லோ குழுவினரின் ஆய்வொன்று 2025-இல் வெளிவந்தது. அப்பிள்ளைகள் அறிந்ததைப் பள்ளி கேட்பதே இல்லை.

மதிப்பெண் அட்டையுடன் பள்ளியிலிருந்து ஓர் இந்தித் தாளும் வந்திருந்தது; அவர் அதைப் படித்துச் சொல்லக் கேட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரை அழைக்கும் அறிவிப்பு. அக்குழுவின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. விவரம் சொன்னோம். சனிக்கிழமை காலை பதினொரு மணி என்றதும், "அது மாவாட்டுற நேரமாச்சே சார்" என்று தயங்கினார்.

வண்டிக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "மாவ நான் ஆட்டிக்கிறேன். நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க."