சிடி பிளேயர் இரண்டாகப் பிரிந்த கதை

ஊரை விட்டு வெளியே இருக்கும் நம் போன்றவர்கள் வீட்டில் ஒரு சிடி அலமாரி கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு லீவுக்கும் ஊரிலிருந்து சுமந்து வந்தவை. ராஜா பாட்டு, எம்.எஸ். கச்சேரி, கல்யாண வீட்டில் யாரோ பதிவு செய்து கொடுத்தது. தட்டுகள் அப்படியே இருக்கின்றன, பிளேயர்தான் படிக்க மறுக்கிறது. உடனே வரும் கேள்வி: புது சிடி பிளேயர் வாங்கலாமா, இல்லை தனியாக டிஏசி என்று விற்கிறார்களே, அந்தக் கன்வெர்ட்டர் பெட்டியை வாங்கலாமா?

நான் படித்தது பி.காம். சால்டரிங் இரும்பைத் தொட்டது கிடையாது :-) ஆனால் இந்தக் கேள்வியை ஒரு தேய்மானக் கணக்காகத்தான் நான் பார்க்கிறேன். சிடி பிளேயர் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சொத்து. ஒன்று, மோட்டாரும் லேசரும் வைத்துத் தட்டைப் படிக்கும் பகுதி. இன்னொன்று, படித்த எண்களை ஒலி அலையாக மாற்றும் கன்வெர்ட்டர். இரண்டுக்கும் ஆயுள் வேறு. எது முதலில் கிழடாகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாற்பது வருடமாக இந்தப் பெட்டி பிரிவதும் சேர்வதுமாக இருக்கிறது.

1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். தட்டில் இருப்பது 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, 245 வரி, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், கணக்கு டேலி ஆகும்.

தட்டு 16 பிட் என்றாலும் பிலிப்ஸ் கையில் இருந்தது 14 பிட் சிப்தான். ஓவர்சாம்பிளிங் என்ற உத்தியால் அதைச் சமாளித்தார்கள். சோனியோ 16 பிட் போட்டது, ஆனால் இடது வலது இரண்டுக்கும் ஒரே கன்வெர்ட்டரை மாற்றி மாற்றி உபயோகித்தது. 1985-ல் பிலிப்ஸின் 16 பிட் டிடிஏ1541 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு பிட் சிப்கள் வந்துவிட்டன. அதாவது மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்வெர்ட்டர் பழசாகிவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றுவது இயற்கை. பிளேயர் முதுகில் டிஜிட்டல் அவுட் துளை வந்தது. எண்பதுகளின் கடைசியில் பிரிட்டனின் ஆர்க்காம் நிறுவனம் 'பிளாக் பாக்ஸ்' என்ற தனிக் கன்வெர்ட்டரை ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் விற்றது.

பெட்டி இரண்டானதும் புதுத் தலைவலி. எண்களைச் சரியாக அனுப்பினால் மட்டும் போதாது, ஒவ்வொரு எண்ணும் சரியான கணத்தில் ஒலியாக மாற வேண்டும். சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்/பிடிஐஎஃப் இணைப்பில் எண்களும் தாளமும் ஒரே கம்பியில் சேர்ந்து போகின்றன. ஒரே பெட்டி என்றால் தாளம் போடுபவரும் பாடுபவரும் ஒரே மேடையில். இரண்டு பெட்டி என்றால் பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியே கேட்கும் தாளத்துக்குப் பாடுவது மாதிரி. இந்தத் தாளத் தடுமாற்றத்துக்கு ஜிட்டர் என்று பெயர். 1992-ல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் இந்த இணைப்பிலேயே கோளாறா என்று கேட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த வருடங்களில் நல்ல ஒற்றைப் பெட்டி வாங்கியவரே புத்திசாலி.

நிற்க. 2001-ல் ஐபாட் வந்தபின் பாட்டு தட்டை விட்டு ஃபைலுக்குப் போனது. 2002-ல் வந்த பெஞ்ச்மார்க் டிஏசி1 உள்ளே வரும் தாளத்தை நம்பாமல் தன் கடிகாரத்துக்கே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டது. அதன்பின் அசின்க்ரனஸ் யுஎஸ்பி பரவியது. அதில் கன்வெர்ட்டர்தான் முதலாளி, தனக்கு வேண்டிய வேகத்தில் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கும். தாளம் மேடைக்கே திரும்பிவிட்டது. 2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு ஆப்பிள் கூடவே கொடுத்த குட்டி வயருக்குள் இருந்ததும் ஒரு கன்வெர்ட்டர்தான். தனியாக வாங்கினால் அப்போது அமெரிக்காவில் 9 டாலர்தான்!

லட்சக்கணக்கில் விலை போட்ட கன்வெர்ட்டர்களை நினைத்து ஏங்குபவர்களுக்கு ஒரு தகவல். 2007-ல் மேயர், மோரன் இருவரும் உயர்தரத் தட்டின் ஒலியை நேராக ஒருமுறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை போட்டு, எது எது என்று ஆட்களைச் சொல்லச் சொன்னார்கள். 554 முயற்சியில் 276 சரி. காசு சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஆக இன்று கணக்கு தலைகீழ். கன்வெர்ட்டர் மலிவு, தேய்வதற்கு அதில் ஓடும் பாகமே இல்லை. தேய்வது லேசரும் மோட்டாரும். என் பழைய பிளேயருக்கு லேசர் தலை கேட்டு மூன்று ரிப்பேர் கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. மூன்று டிரான்ஸ்பரில் லாரியில் குலுங்கிய பெட்டி அது, பாவம். தட்டைப் படிக்காத பிளேயரோடு எத்தனை நல்ல கன்வெர்ட்டரை மாட்டினாலும் சத்தம் வராது. பரணில் டிஜிட்டல் அவுட் உள்ள பழைய டிவிடி பிளேயர் இருந்தால் இறக்கிப் பாருங்கள். அது படித்தால், அதோடு ஒரு சுமாரான கன்வெர்ட்டர் போதும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிய தட்டு அச்சில் அழுத்திச் செய்தது, பல காலம் தாங்கும். வீட்டில் எழுதிய சிடி-ஆர் அப்படியல்ல, அதில் பாட்டு இருப்பது ஒரு சாயப் பூச்சில், அது வெளுத்துவிடும். பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டும் கல்யாணக் கச்சேரியும் பெரும்பாலும் இந்த வகைத் தட்டில்தான் இருக்கும். ராஜாவை எங்கேயாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு யுஎஸ்பி சிடி டிரைவ் வாங்கி, கையால் பெயர் எழுதிய தட்டுகளை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஊரில் தம்பி வீட்டில் வையுங்கள். பிளேயரா கன்வெர்ட்டரா என்பதை அப்புறம் சாவகாசமாக முடிவு செய்யலாம்.