குருவின் மகன்

1795. மதுரைக்கு வந்த கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு இருபது வயது. அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர், சிவகங்கைச் சின்ன மருது!

1801-ல் சிவகங்கைச் சீமைக் குடியானவர்களும் ஆயுதம் தூக்க, அந்தக் குருவை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. சின்ன மருதுவின் மகன், சிறுவன் துரைசாமிக்கு நாடு கடத்தல். தூத்துக்குடியில் அவனுக்குக் காவல் யார்? வெல்ஷேதான்! விலங்கின் கனத்தைக் குறைக்க மட்டுமே அவரால் முடிந்தது.

1818, பினாங்கு. தளர்ந்துபோன கிழவர் ஒருவர் வெல்ஷ் எதிரே வந்து நின்றார். 'துரைசாமி' என்று பெயர் சொன்னதும் ஆடிப்போனார் வெல்ஷ். முப்பதைத் தாண்டியிருந்த வயதில் அந்தக் கோலம்! உறவினர்களுக்குக் கடிதம் கொண்டுபோகக் கேட்டார் துரைசாமி. விதி இடம் தராது என்று மறுத்துவிட்டார் வெல்ஷ்.

ஆனால், அந்த மறுப்பையும் மறைக்காமல் 1830-ல் புத்தகத்தில் எழுதினார். அந்தச் சந்திப்பு நமக்குத் தெரிவது அதனால்தான்.